உங்கள் மகள் என்னை அடிக்கவில்லை, சம்பந்தி

மடத்துக்குளம் தோட்டத்தில் வீற்றிருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி மகுடேஸ்வரன் அவர்களுக்கு, திருப்பூரிலிருந்து செங்கோட்டையன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு என் பற்களைத் தவிர மற்ற அனைவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாள் வேலாத்தாள் அவர்களும், மாடு கன்றுகளும், தென்னையும், தக்காளியும், அடிக்கடி மக்கர் பண்ணும் அந்தக் கிணற்று மோட்டாரும் நலமாக இருக்க மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் எங்கள் கம்பெனி வேன் டிரைவர் அந்தோணிராஜ். உடுமலைப் பக்கம் ஆள் ஏற்ற வருகிறவரைக் கொஞ்சம் சுற்றிப் போகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் மேல் கோபம் வேண்டாம். ஒரு சொம்பு மோர் கொடுத்தால் போதும்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை ஆற அமரப் படியுங்கள். உங்கள் மகள் தேஜஸ்ரீ என்னை அடிக்கவில்லை. கையாலும் அடிக்கவில்லை, கரண்டியாலும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் என்று மனதில் நினைத்ததாகக்கூடத் தெரியவில்லை. நினைத்திருந்தாலும் அதற்கு நான் போதுமான காரணம் கொடுத்திருக்கிறேன், அதைக் கீழே எழுதுகிறேன். ஆகவே நீங்கள் சொன்னபடி வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் உங்களுக்கு போன் செய்து சொன்னது, "உங்க புள்ளை என்னை அசத்திப்புடுச்சுங்க" என்பதுதான். வாயில் ஒரு பல்கூட இல்லாதவன் சொன்னதால் அந்தச் சொல் ஈறில் வழுக்கி, உங்கள் காதுக்கு வந்து சேரும்போது "அடிச்சுப்புடுச்சுங்க" என்று ஆகிவிட்டது. அது போதாதென்று நான் அப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் என் மனைவி செல்லாத்தாள் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியை வெறுங்கையால் தொட்டுவிட்டு அய்யோ என்று கத்தி, மூடியையும் தரையில் போட்டாள். இத்தனையையும் சேர்த்துக் கேட்கிற எந்தத் தகப்பனும் என்ன நினைப்பான் என்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்திலும் நீங்கள் மரியாதை குறையாமல், "என்ர புள்ள கை நீட்டற புள்ள இல்லீங்க. அப்படிப் பழி வர்ற ஊட்டுல அது இருக்கவும் வேண்டாமுங்க. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். நான் "இல்லீங்க, இல்லீங்க" என்று சொன்னது உங்களுக்கு எப்படிக் கேட்டதோ, மாகாளியம்மனுக்குத்தான் வெளிச்சம்.

உடனே தேஜஸ்ரீயை விட்டே பேச வைத்தோம். அவள் நடந்ததைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே நீங்கள், "அவுங்க பக்கத்துல நிக்கறாங்களா சாமி? ஆமா இல்லைன்னு மட்டும் சொல்லு" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் மகள் பொய் சொல்லிப் பழகாதவள். "ஆமாங்கப்பா" என்றாள். அதோடு முடிந்தது. அதன் பிறகு அவள் சொன்ன எதையும், நாங்கள் கண்ணை உருட்டிச் சொல்ல வைக்கிறோம் என்றே எடுத்துக்கொண்டீர்கள். என் மகன் பேசினால் "நேர்ல பேசிக்கலாமுங்க மாப்பிள்ளை" என்று வைத்துவிடுகிறீர்கள். என் நம்பரை எடுப்பதே இல்லை. எடுத்தாலும் நான் பேசி என்ன ஆகப்போகிறது, இன்னொரு பழி வேண்டுமானால் கூடும். அதனால்தான் இந்தக் காலத்திலும் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எழுத்துக்குப் பல் தேவையில்லை.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். சித்திரையில் என் பற்களையெல்லாம் பிடுங்கியது உங்களுக்குத் தெரியும், நீங்களும் சம்பந்தியம்மாளும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டு, அதையும் என்னால் தின்ன முடியாது என்று தெரிந்து சங்கடப்பட்டுப் போனீர்கள். ஈறு முழுக்க ஆறிய பிறகுதான் பல் செட் வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எப்படிச் சாப்பிட்ட மனிதன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டு நல்லி எலும்பை நான் விட்டுவைத்த லட்சணத்தைப் பார்த்து உங்கள் நாய் என்னிடம் பேசவே இல்லை. அப்படிப்பட்டவனுக்குக் காலையில் ராகிக் கூழ், மதியம் குழைந்த தயிர்சாதம், பொழுதோடு மறுபடியும் கூழ். செல்லாத்தாள் என் மேல் இரக்கப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பையும் சோற்றையும் சேர்த்து மிக்ஸியில் போட்டு அடித்துக்கொண்டு வந்து வைத்தாள். ருசியில் குறையில்லை. ஆனால் பார்வைக்கு அது அந்தக் காலத்தில் சாயப்பட்டறைக்குப் பின்னால் ஓடிய வாய்க்கால் போல இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினேன். பிறகு கண்ணைத் திறந்தேன், அதுதான் தப்பு. எழுந்துவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சாப்பாட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. எங்கள் கம்பெனி பனியனே என் மேல் இரவல் வாங்கியது போலத் தொங்கியது. ஒருநாள் கம்பெனியில் நூல் மூட்டைக்குப் பக்கத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். வேனில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் உங்களுக்கு அப்போதே சொல்லவில்லை, கவலைப்படுவீர்கள் என்று.

அன்று மாலை தேஜஸ்ரீ வேலையிலிருந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் என் கட்டில் பக்கத்தில் வந்து நின்றாள். கல்யாணத்துக்கு முன்பு அவளுடைய எக்ஸ்போர்ட் கம்பெனி அவளை இத்தாலிக்கு அனுப்பியதே, அப்போது துணி வாங்குகிற ஒரு பையர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்களாம். அந்த வீட்டில் என்னைப் போலவே வாயில் பல் இல்லாத ஒரு பெரியவர் இருந்தாராம். அவர் எதிரில் தக்காளிக் குழம்பில் மிதக்கிற கறி உருண்டைகளை வைத்தார்களாம். அவர் கரண்டியின் ஓரத்தால் தொட்டதும் அது இரண்டாகப் பிரிந்ததாம். மெல்லாமலேயே சாப்பிட்டு முடித்து, தட்டையும் வழித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று கேட்டாராம். வீட்டுக்கார அம்மாளிடம் செய்முறை கேட்டபோது ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கறியோடு சேர்ப்பதுதான் சூட்சுமம் என்று சொன்னாராம். இதைச் சொல்லிவிட்டு, "நான் செஞ்சு தரட்டுங்களா மாமா?" என்று கேட்டாள். நான் சரி என்று தலையாட்டினேன். ஆனால் அடுப்படி என்னுடையது அல்லவே.

சம்பந்தி, இங்கே ஒன்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். தை மாதம் உங்கள் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தது முதல் அவளும் செல்லாத்தாளும் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "காப்பி குடிக்கறீங்களா அத்தைங்க?" "ஆச்சு கண்ணு." இவ்வளவுதான் ஒரு நாளைக்கு. செல்லாத்தாளின் அடுப்படியில் உப்பு டப்பாவை ஒரு சாண் நகர்த்தினாலும் அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாள், பழைய இடத்தில் கொண்டுபோய் வைப்பாள். உங்கள் மகளும் புரிந்துகொண்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள். வீடு பஞ்சு கிடங்கு மாதிரி சத்தமில்லாமல் இருந்தது. என் மகன் அவளுடைய கம்பெனிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு வேறு வழியாகக் காதுக்கு எட்டியிருந்தது. செல்லாத்தாளுக்குத் தெரியாது. ஒரே பிள்ளை வேறு வீட்டுக்குப் போனால் அவள் அந்த அடுப்படியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று நினைத்து நான் படுத்திருந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில்தான் உங்கள் மகள் கறி உருண்டை செய்யப் புறப்பட்டாள்.

செல்லாத்தாள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகர்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. தக்காளி நீங்கள் அனுப்பிய கூடையிலிருந்து எடுத்தது. தேஜஸ்ரீ அதைக் கொதிநீரில் போட்டெடுத்துத் தோலை உரித்தாள். செல்லாத்தாள், தக்காளிக்குத் தோல் உரிக்கிற வீட்டை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கொத்துக்கறியில் முட்டை, பூண்டு, மிளகு, கொத்தமல்லி எல்லாம் சேர்த்தாகிவிட்டது. இத்தாலிக்காரர்கள் ஏதோ ஒரு தழை போடுவார்களாம், அது கிடைக்காமல், பீட்சா வாங்கும்போது கூடவே வருகிற தூள் பொட்டலங்களை என் மகன் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறான், அதைப் பிரித்துத் தூவினாள். அந்தப் பொட்டலங்களுக்கு ஒரு பிரயோஜனம் இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது அன்றுதான். அப்போது அவளுக்கு ஆபீசிலிருந்து ஒரு போன் வந்தது. பேசிவிட்டு வருவதற்குள் உதவி செய்யலாம் என்று நான் பிசைந்தேன். நானாகத்தான் பிசைந்தேன், யாரும் சொல்லவில்லை. துணியை காம்பேக்டிங் மெஷினில் விட்டு இறுக்கி இறுக்கியே வாழ்ந்தவனுக்கு எதையும் இறுக்கினால்தான் தரம் என்று கைக்குப் படிந்துவிட்டது. பரோட்டா மாஸ்டர் போல அடித்துப் பிசைந்து உருட்டி வைத்தேன். அவள் திரும்பி வந்து ஓர் உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு, "பரவாயில்லீங்க மாமா" என்றாள். மேலே அடிப்பதற்குக் காரணம் கொடுத்திருக்கிறேன் என்று எழுதியது இதைத்தான். வெந்த பிறகு அது கோலிக்குண்டு. ஒன்றை வாயில் போட்டு மிட்டாய் மாதிரி சப்பினேன், கரையவில்லை. இன்னொன்று தட்டிலிருந்து துள்ளி ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது. அதை எடுத்து வாசலில் நாய்க்குப் போட்டார்கள். அது கால் வைத்து உருட்டி விளையாடியது.

வேறு பெண்ணாக இருந்தால் அன்றோடு விட்டிருப்பாள். உங்கள் மகள் விடவில்லை. சாம்பிள் ரிஜெக்ட் ஆனால் ஏன் ஆனது என்று பார்த்து அடுத்த சாம்பிள் போடுவதுதானே எங்கள் தொழில் என்று என்னிடம் சொன்னாள். என் பனியன் கம்பெனியில் சாம்பிள் ரிஜெக்ட் ஆனால் நான் பையரைத் திட்டுவேன், தையல்காரரைத் திட்டுவேன், நூல் மில்லைத் திட்டுவேன். இவள் யாரையும் திட்டவில்லை. எட்டு ஊர் மெயிலுக்குப் பதில் போட்டுவிட்டு, பஸ் நெரிசலில் நின்று வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போவாள். எனக்கு அவளைப் பார்க்கப் பார்க்க, இந்தப் பெண்ணை வளர்த்தவர்கள் என்ன போட்டு வளர்த்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. அடுத்த தடவை என்னை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை. நுனிவிரலால் கலந்தாள், பிசையவே இல்லை. ஆனால் பால் கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. குழம்பில் விட்ட உருண்டைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து காணாமல் போயின. கரண்டியை விட்டுத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. செல்லாத்தாள் எட்டிப் பார்த்து, "இது கறிச்சாறு கண்ணு. இதை நான் கல்யாணமான நாள்ல இருந்து வெக்கறனே" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பல் இல்லாமல் சிரிப்பை அடக்குவது கஷ்டம். தேஜஸ்ரீயும் சிரித்துவிட்டாள். நான் அந்தச் சாறை ஊற்றி ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டேன். தலை சுற்றி உட்கார்ந்த பிறகு நான் ஒரு கிண்ணத்தைக் காலி செய்தது அதுதான் முதல் தடவை. செல்லாத்தாள் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தாள். அவள் அதைக் கவனித்துவிட்டாள் என்பதை நான் கவனித்தேன்.

அதற்கடுத்த தடவைதான் வினை வந்தது. உருண்டைகள் பார்வைக்கு நகைக்கடையில் வைக்கிற மாதிரி இருந்தன, ஒன்றுகூட உடையவில்லை. தேஜஸ்ரீக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் ஒன்றை எடுத்து ஈறால் அழுத்தினேன். அது திருப்பி அழுத்தியது. முதல் தடவை போலக் கல் இல்லை, ஆனாலும் இறங்கவில்லை. அவள் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள், நிதானமாக மென்றாள், பிறகு செல்லாத்தாள் பக்கம் திரும்பினாள். "பொட்டுக்கடலை மாவு போட்டீங்களா அத்தைங்க?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அவள் வெங்காயம் உரிக்கத் திரும்பிய நேரத்தில் செல்லாத்தாள் ஒரு பிடி மாவை அள்ளிப் போட்டிருக்கிறாள். கோலா உருண்டைக்குப் போடுகிற வழக்கம். செல்லாத்தாள் மறைக்கவில்லை. உருண்டை என்றால் மாவு போடாமல் எப்படி நிற்கும், போன தடவை கரைந்து போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிறாயா, கெடுக்கவா போட்டேன் என்று அவள் பங்குக்குச் சொன்னாள். என் மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இதற்குத்தான் தனியாக வீடு பார்த்திருக்கிறேன், அங்கே அவள் இஷ்டத்துக்குச் சமைக்கட்டும் என்று சொல்லிவிட்டான். செல்லாத்தாள் என் மகனைப் பார்க்கவில்லை, தேஜஸ்ரீயைத்தான் பார்த்தாள். நீயும் இதற்குச் சம்மதம்தானா என்று கேட்கிற பார்வை.

தேஜஸ்ரீ கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஜெயிக்கோணும்னு இல்லீங்க அத்தை. மாமா சாப்புடோணும். அவ்வளவுதானுங்க." பிறகு என் மகனிடம், தன்னைக் கேட்காமல் வீடு பார்க்கிற வேலையை யார் உங்களுக்குக் கொடுத்தது என்று கேட்டாள். கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தினாள், ஆனால் ஓங்கிச் சாத்தவில்லை. சம்பந்தி, நான் ஒரு தொழிற்சாலையையே நடத்தியிருக்கிறேன், யூனியன்காரர்களோடு பேசியிருக்கிறேன், பையர்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். நாலே வார்த்தையில் ஒரு வீட்டை இப்படி நிறுத்தி வைத்த ஆளை நான் பார்த்ததில்லை. அன்று அவள் உங்களுக்கு போன் செய்து குரல் கம்மப் பேசினாள் என்றும், அதிலிருந்தே உங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்றும் பிற்பாடு தெரிந்தது. அவள் அழுதிருக்கலாம். உருண்டைக்காக அழுதாள் என்று உங்களிடம் எப்படிச் சொல்லுவாள்?

மறுநாள் முழுக்க செல்லாத்தாள் பேசவில்லை. வழக்கமான பேசாமை இல்லை இது, வேறு தினுசு. அரிசி களையும்போது நடுவில் நின்று யோசித்தாள். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அந்தக் கறியை வாங்கி வந்தது யார் என்று. நம் பையன்தான் என்றேன். எங்கே என்றாள். சூப்பர் மார்க்கெட்டில், கொழுப்பெல்லாம் நீக்கிப் பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அது என்றேன். "ம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவளைக் காணவில்லை. சீலையைச் சரிசெய்துகொண்டு தானே கறிக்கடைக்குப் போயிருக்கிறாள். அந்தக் கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார், அம்மா கறி வெட்டுகிற கட்டைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு துண்டையும் காட்டச் சொன்னாங்க, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சலித்துக்கொண்டார்கள், அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று. வந்தவள் நேராகத் தேஜஸ்ரீயின் அறைக்கதவைத் தட்டினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. பொட்டலத்தை நீட்டி, "ஆட்டு முன்னங்காலு சப்பைக் கறி அம்மிணி. கொழுப்போட ரெண்டு தடவை கொத்தச் சொல்லி வாங்கியாந்தேன். வெறுங்கறிய உருட்டுனா ரப்பர் பந்துதான் வரும், அது உன்ர தப்பில்ல. அந்த பாலு ரொட்டிய நீ போடு. மாவு டப்பாவ நான் தொடல" என்றாள்.

நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டு பேர் குரலும் மாறி மாறிக் கேட்டது. ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட வேண்டும் என்று உங்கள் மகள், வெட்டியதை வீணாக்காதே என்று செல்லாத்தாள். பாலைப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும் என்று ஒருத்தி, ஒரேயடியாகப் பிழியாதே, ஈரம் இருக்கட்டும் என்று இன்னொருத்தி. உருட்டும்போது உள்ளங்கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டு, கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்க வேண்டும் என்று செல்லாத்தாள் சொன்னபோது, உங்கள் மகள், தான் கோழிக்குஞ்சைப் பிடித்ததே இல்லை என்றாள். தோட்டத்தில் வளர்ந்த பெண் அப்படிச் சொன்னதை நான் நம்பவில்லை, அத்தைக்காகச் சொன்னாள் என்று நினைக்கிறேன். உங்கள் தக்காளியை வதக்கிய வாசனை கூடத்துக்கு வந்தது. தீயை அடியோடு குறைத்து, உருண்டைகளைக் குழம்பில் ஒவ்வொன்றாக இறக்கி, மூடி வைத்தார்கள். கரண்டி போடக் கூடாது, பாத்திரத்தின் இரண்டு காதையும் பிடித்து லேசாக ஆட்டித்தான் விட வேண்டும் என்று தேஜஸ்ரீ சொன்னாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து ஆட்டினார்கள். இதை நான் அடுப்படி வாசலில் நின்று என் கண்ணாலேயே பார்த்தேன். பேப்பரைக் கீழே போட்டுவிட்டுத்தான் போனேன்.

தட்டில் வைத்தார்கள். கரண்டியின் ஓரம் பட்டதும் உருண்டை பிரிந்தது. வாயில் போட்டேன். நாக்கால் மேலண்ணத்தில் ஒரு அழுத்து அழுத்தினேன், அவ்வளவுதான், கறி இறங்கிப் போனது. புளிப்பு, லேசான இனிப்பு, பின்னால் மிளகு, அதற்கும் பின்னால் நல்ல கறியின் ருசி. சித்திரையிலிருந்து நான் மறந்திருந்த ருசி அது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. உறைப்பு என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை. தேஜஸ்ரீ எதிரில் உட்கார்ந்து, நான் விழுங்குகிற ஒவ்வொரு வாயையும் பரீட்சை பேப்பர் திருத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ரூவ்ட்" என்றேன். அது அவளுக்குப் புரிந்தது, பல் இல்லாமல் சொல்லக்கூடிய சொற்களில் அதுவும் ஒன்று போலிருக்கிறது. அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த நிமிஷம்தான் இந்தச் செய்தி முதலில் அவளைப் பெற்றவருக்குத் தெரிய வேண்டும் என்று போனை எடுத்தேன். அதன் பிறகு நடந்தது மேலே உள்ளது.

செல்லாத்தாள் கடைசியில்தான் சாப்பிட்டாள், அடுப்படியிலேயே நின்றுகொண்டு. சோம்பு போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றாள். சொல்லிவிட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டாள். பிறகு ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டு ரோஸ்மேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதில் ஓரமாக நின்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது: "எங்கூட்டு அம்மிணி செஞ்சது. இத்தாலில இப்படித்தான் செய்வாங்களாம்." தான் கறி வாங்கப் போனதையும், கொழுப்பையும், சப்பையையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவளிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது, வந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சாயங்காலம் என் மகன் அந்த வீட்டுக்காரருக்கு போன் செய்து, வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான். யாரும் அவனைக் கேட்கவில்லை, அவனாகத்தான் செய்தான். அவனுக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது, உங்கள் மாப்பிள்ளை என்பதால் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது அடுப்படியில் உப்பு டப்பா வேறு இடத்தில் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு பேருமே தேடுகிறார்கள். இரண்டு பேருமே சத்தம் போடுகிறார்கள். நேற்று நிஜமாகவே ஒரு சண்டை வந்தது, தக்காளிக்கு விதையை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று. காப்பி ஆறும் வரை நடந்தது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுத்தில் சொல்ல முடியாது. என் எடையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பனியன் மறுபடியும் என்னுடையது போலத் தெரிகிறது.

ஆகையால் சம்பந்தி, உங்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்வது இதுதான். இந்தப் பெண்ணை எங்கள் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு நாளைக்குக்கூட வேண்டாம். இவளைப் போன்ற ஒரு மகளை எங்களுக்குத் தந்ததற்கு நான் உங்களுக்குச் சரியாக நன்றி சொன்னதில்லை. கல்யாணத்தன்று மேடையில் சொன்னது வழக்கத்துக்காகச் சொன்னது. இப்போது சொல்வது சாப்பிட்டுவிட்டுச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், கார் வேண்டாம், மனக்கசப்பு எதுவும் வேண்டாம். சம்பந்தியம்மாள் வேலாத்தாள் அவர்களுக்கு என் வணக்கத்தையும், வீட்டில் உள்ள சின்னவர்களுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். உங்கள் தோட்டத்தில் காய் நிறையவும், கிணற்றில் தண்ணீர் குறையாமலும், தக்காளிக்கு நல்ல விலை கிடைக்கவும் மாகாளியம்மன் துணை நிற்பாள்.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
செங்கோட்டையன்

பின்குறிப்பு: நான் உறை தேடி எழுந்து போன நேரத்தில் செல்லாத்தாள் இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். தன்னைப் பற்றி நான் எழுதியதில் அவள் எதையும் மறுக்கவில்லை, மாவு போட்டது ஒரு பிடி இல்லை, அரைப்பிடிதான் என்று திருத்தச் சொன்னாள். பிறகு, "வர வேண்டாம்னு எதுக்குங்க எழுதறீங்க? வரட்டும். எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போகட்டும்" என்றாள். விசாரித்ததில் தெரிந்தது, தேஜஸ்ரீ ஏற்கெனவே ஆபீசில் ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாளும் உருண்டையைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம், கறியை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு வருகிறார்களாம், உடுமலைக் கறிக்கடையின் மேல் செல்லாத்தாளுக்கு நம்பிக்கை இல்லையாம். துணிகூட எடுத்து வைத்துவிட்டார்கள். இதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேரும் இல்லாத வாரம் எனக்குச் சோறு யார் போடுவார்கள் என்று கேட்டேன். என் மகன் தோசை சுடுவான் என்றார்கள், இரண்டு பேரும் ஒரே குரலில்.

ஆகவே மேலே "வர வேண்டாம்" என்று உள்ள இடங்களையெல்லாம் "அவசியம் வரவும்" என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். பெரிய காராக எடுத்து வரவும். முன் சீட்டு எனக்கு.